காந்திமதி கேட்ட வணக்கம்

காந்திமதிக்குக் கழுத்து வளையாது என்று திண்டிவனத்து மல்லாட்டை மண்டியில் ஒரு பேச்சு உண்டு. சும்மா வந்த பேச்சல்ல. மண்டி முதலாளி வண்டியை விட்டு இறங்கி உள்ளே வந்தால், வேர்க்கடலைத் தோல் உரிக்கிற பெண்கள் அத்தனை பேரும் எழுந்து, குனிந்து, "கும்பிடறோம் சாமி" என்று சொல்ல வேண்டும். காந்திமதி மட்டும் வண்டிச் சத்தம் கேட்டதுமே பக்கத்தில் இருக்கிற வீரம்மாளைக் கைகொடுக்கச் சொல்லி ஒரு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொள்வாள். தலையில் மூட்டை வைத்திருப்பவளை எவன் குனியச் சொல்வான்? கொஞ்ச நாளில் இந்த வித்தை மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. முதலாளி நுழைந்தால் மண்டி முழுக்கத் தலையில் மூட்டையோடு பெண்கள் நின்றார்கள். நம் ஆட்களுக்கு இத்தனை சுறுசுறுப்பா என்று அந்த மனுஷன் பூரித்துப்போனார்.

அப்படிப்பட்டவளை ஐம்பத்து மூன்றாம் வருஷம் விழுப்புரம் வெங்கடாசலத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவன் ரயில்வே லோகோ ஷெட்டில் இன்ஜின் துடைத்துக் கரி அள்ளுகிற கலாசி. கிளியனூர்ப் பக்கத்து ஆள். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்த தெருவில் பிறந்தவன். இளவட்டமாக இருந்தபோதே மலாயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போய், சண்டை முடிந்த பிறகு உயிரோடு திரும்பியவன். தண்டவாளத்தை ஒட்டிய கலாசி லைனில் அவனுக்கு ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் இருந்தன. அந்த அறையின் பாதியை ஒரு பாய் அடைத்துக்கொண்டிருந்தது. கோணிப் பைகளில் வைக்கோலைத் திணித்து, தைத்து, மேலே கோரைப்பாயை இழுத்துக் கட்டிய பாய்.

"இது இன்னாங்க, மாட்டுக்குப் படுக்கையா?" என்று வந்த அன்றே கேட்டாள்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. உட்கார்த்தி வைத்துக் கதை சொன்னான். மலாயாவை ஜப்பான்காரன் பிடித்த பிறகு தெருமுனைக்குத் தெருமுனை துப்பாக்கிக்காரன் நிற்பான். அவனைக் கடக்கும்போது நின்று குனிய வேண்டும். குனியாவிட்டால் கன்னத்தில் அறை. வெங்கடாசலம் வாங்கிய அறையில் இடது காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை. பிறகு ஈப்போவில் ஒரு முகாம் சமையல்கட்டுக்குத் தண்ணீர் சுமக்கப் போட்டார்கள். அங்கே பின்கட்டில் பாய் விரித்து ஜூடோ பழகுவார்கள். தூக்கிப் போட்டுப் பழக ஆள் போதவில்லை என்று ஒருநாள் இவனைக் கூப்பிட்டார்கள். பாய்மேல் ஏறி, அடி வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். கண்ணைத் திறந்தால், தெருவில் எல்லாரையும் குனிய வைக்கிற அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு சார்ஜெண்ட், இவனுக்கு நேராக நின்று "ரெய்" என்று சொல்லிவிட்டு இவனுக்குக் குனிந்தான்.

"ரெய்ன்னா வணக்கம். பாய்மேல ஏறுனா ரெண்டு பேரும் குனியணும். சின்னவன் பெரியவன் கெடையாது. குனிஞ்சிட்டுதான் பிடி. முடிஞ்சதும் திரும்பவும் குனியணும், ஜெயிச்சவனும்தான். என்னப் பெத்ததிலிருந்து எனக்கு ஒருத்தன் குனிஞ்சது அன்னிக்கித்தான் புள்ள."

"எங்க சித்தப்பன சயாம் ரயில் ரோட்டுல போட்டுச் சாகடிச்சவனுங்க அவனுங்க. அவன நல்லவன்றீங்களா?"

"நல்லவன்னு சொல்லல. குனிஞ்சான்னு சொல்றேன்."

இந்த வித்தையை விழுப்புரத்தில் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ரயில்வே போலீஸ்காரர்களும் கூட்ஸ் ஷெட் சுமைதூக்கிகளும் முதலில் ஆர்வமாகத்தான் வந்தார்கள். பிடி வேண்டும், தூக்கிப் போடுகிற சூட்சுமம் வேண்டும். ஆனால் வெங்கடாசலத்துக்கு எதிரே நின்று குனிய மட்டும் அவர்களுக்கு இடுப்பு வரவில்லை. அவன் எந்தத் தெருவில் பிறந்தவன் என்பது தெரியாதா என்ன? ஒருவனுக்கு முதுகு வலி என்றான். இன்னொருவன் இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம் என்றான். ஜப்பான்காரன் என்று திருத்தினால், எல்லாம் ஒன்றுதான் என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வெங்கடாசலம் ஒரே பிடியாக நின்றான். "வணக்கம் இல்லாம பிடி கெடையாது." கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் கூட்டம் தேய்ந்து, கடைசியில் பாயும் அவனும்தான் மிச்சம்.

வேலை விட்டு வந்து அந்தப் பாய்மேல் அவன் தனியாக விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருப்பதைப் பார்க்கக் காந்திமதிக்கு வயிறு எரிந்தது. புருஷனுக்குக் குனியாத போலீஸ்காரன்கள்மேல் எரிந்த எரிச்சல் அது.

"எங்கூடப் போடுங்க" என்றாள் ஒருநாள்.

"பொம்பளகூடவா?"

"மல்லாட்டை மூட்ட தூக்குன பொம்பள. நீங்க இன்னா, ஒரு மூட்ட வெயிட்டு இருப்பீங்களா?"

அவன் சிரித்தான். சிரித்தவன் மறுவாரமே காடாத் துணி வாங்கி வந்து, இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்து, அவளுக்கும் ஒரு சட்டை போட்டான். அவள் சேலையை நாற்று நடுகிற பெண்கள் மாதிரி தார்ப்பாய்ச்சிக் கட்டி, மேலே அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு பாய்மேல் ஏறினாள். "முதல்ல கும்பிடு" என்றான். கட்டின புருஷன், நாலு சுவருக்குள்ளே, போகட்டும் என்று குனிந்தாள். அவன் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டான். குனியவில்லை. அன்றைக்கு அவளுக்கு அது உறைக்கவும் இல்லை.

விழுவதற்கு முதலில் பழகினாள், பிறகு பிடிக்க. இடுப்பு பலம் இருந்ததால் எல்லாம் சுருக்காக வந்தது. ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. எதிராளியின் காலைத் தன் காலால் வாரிவிடுகிற பிடி. கால் என்னவோ பிசகாமல் போகும். ஆனால் அவள் கால் அவன் காலில் பட்ட அதே நொடியில், அவள் கை தானாக நீளும். அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். புருஷன்மேல் கால் படலாமா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். முதலாளிக்கு வளையாத கழுத்து, கால் பட்டுவிட்டால் மட்டும் அவளைக் கேட்காமலே வளைந்தது. அப்படி அவள் பாதி குனிந்து நிற்கும்போது வெங்கடாசலம் காலரைப் பிடித்து அவளைத் தொப்பென்று போடுவான். தினமும் இதே கூத்து.

ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு கேட்டாள். "நான் தொட்டுக் கும்பிடற நேரத்துல தள்றீங்களே, இது இன்னா நாயம்?"

"நீ ஏன் நடுவுல கும்பிடற? அதான் ஆரம்பிக்கறப்பவே கும்பிட்டாச்சே. கால் படும், கை படும், அடி படும், எல்லாத்துக்கும் சேத்துதான் அந்த வணக்கம். முன்னாடியே மாப்புக் கேட்டாச்சு, முன்னாடியே மாப்புக் குடுத்தாச்சு."

காந்திமதி தலைமயிரில் ஒட்டிய வைக்கோலை எடுத்துப் போட்டாள்.

"சரிங்க. என் கால் உங்க மேல படறதுக்கு நான் கும்பிட்டேன். உங்க கால் தெனம் எம்மேல படுதே. நீங்க எப்ப கும்பிட்டீங்க?"

வெங்கடாசலம் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். ரெண்டு பேரும் குனியணும் என்று கதை சொன்னவனே அவன்தானே! "நீ என் பொண்டாட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டான்.

"பாய்மேல சின்னவன் பெரியவன் கெடையாதுன்னா பொண்டாட்டி மட்டும் எங்கிருந்து வந்தா?" என்று அவன் முதுகைப் பார்த்துக் கத்தினாள்.

அதற்கப்புறம் அவள் பாய்மேல் ஏறவில்லை. கேப்பைக் கூழ் ஊற்றினாள், சாப்பாடு கட்டினாள், கரி படிந்த துணியைத் துவைத்தாள். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. "வா, ரெண்டு பிடி போடலாம்" என்று அவன் கூப்பிட்டால் மட்டும் காது கேட்காதவள் ஆகிவிடுவாள். மாசி போய்ப் பங்குனி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கதவைச் சாத்தினான். கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, குனியத் தயாராகப் பாய்மேல் நின்றான். அவள் எதிரே வந்து நின்றதும், "ரெய்" என்று முணுமுணுத்துவிட்டு, இடுப்பு வரை குனிந்தான். அவளும் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவன் முகம் சிவந்திருந்தது. அன்றைக்கு முதன்முதலாக அவள் கால் அவன் காலை வாரியது, கை எங்கும் நீளவில்லை. அவன் பாய்மேல் மல்லாந்து கிடந்தான். காந்திமதிக்கு வந்த சந்தோஷத்தில் வீடே அதிரும்படி சிரித்தாள்.

அதிலிருந்து சாத்திய கதவுக்குப் பின்னால் இரண்டு பேரும் சரிக்குச் சரி. வருஷங்கள் போயின. பிள்ளை தங்கவில்லை என்ற குறையைக்கூட அந்தப் பாய்மேல்தான் இரண்டு பேரும் மறந்தார்கள்.

பக்கத்து அறை லூர்துமேரி ஒருநாள் இரவல் சல்லடை கேட்டு வந்தாள். ஃபயர்மேன் அந்தோணிசாமியின் பெண்சாதி. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே வெங்கடாசலம் பெண்டாட்டிக்கு முன்னால் குனிந்து நிற்பதைப் பார்த்தாள். சல்லடையை மறந்துவிட்டு ஓடினாள். நல்லவள்தான், ஆனால் வாய் நிற்காது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பொழுது சாய்வதற்குள் வெங்கடாசலம் தினமும் பெண்டாட்டி காலில் விழுகிறான் என்று லைன் முழுக்கப் பரவிவிட்டது. ஷெட்டில் "இன்னாப்பா, இன்னிக்கிப் பூஜ ஆச்சா? சுண்டல் உண்டா?" என்று கேலி. வெங்கடாசலம் ஜன்னலுக்கும் கோணி அடித்தான்.

அறுபத்தோராம் வருஷம் ரயில்வேக்காரர்களின் மன்றமான இன்ஸ்டிட்யூட்டில் ஆண்டு விழா. செயலாளர் வெங்கடாசலத்தைக் கூப்பிட்டு, உன் ஜப்பான் சண்டையை மேடையில் காட்டு என்றார். ஜோடிக்கு ஆள் இல்லை என்றதும், "உம் பொண்டாட்டி போடுதாமே, அதையே கூட்டியா. ஹால் ரொம்பிடும்" என்றார்.

காந்திமதி சட்டையைத் துவைத்துக் கஞ்சி போட்டாள். விழாவுக்கு முந்தின நாள் கிளியனூரிலிருந்து வெங்கடாசலத்தின் அண்ணன் சீனுவாசன் வந்து இறங்கினான். ஐந்து வயதில் அப்பா போனதிலிருந்து வெங்கடாசலத்தை வளர்த்தவன். தம்பி அவனுக்கு எதிரே உட்காரக்கூட மாட்டான். "டேய், ஊர்ல இன்னான்னாவோ சொல்றானுங்க. நாளைக்கி நம்ம ஜனம் லாரி புடிச்சிக்கினு வருது. நம்ம தலயக் குனிய வெச்சிடாத" என்று சீனுவாசன் சொன்னதைக் காந்திமதி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

அண்ணன் வெளியே போனதும் வெங்கடாசலம் அடுப்படிக்கு வந்தான். "புள்ள, நாளைக்கி ஒரு நாளு மட்டும் நீ மட்டும் குனி. வூட்டுல எப்பவும் போல. யாருக்கு இன்னா நஷ்டம்?"

"இங்க கதவச் சாத்திக்கினு குனிஞ்சது நெசமா, பொய்யாங்க?"

"நெசந்தான்."

"அப்போ அங்கயும் நெசமா இருக்கட்டும். பாய்மேல ஏறிட்டா பாயோட சட்டந்தான். நான் இப்பவே சொல்லிட்டேன்."

அவள் சும்மா மிரட்டுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் ஹாலில் எள் போட்டால் எள் விழாது. டிரைவர்கள், கார்டுகள், கிளார்க்குகள், குடும்பம் குட்டிகள். முன்வரிசையில் கிளியனூர் ஜனத்தோடு சீனுவாசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாயின் இரண்டு கோடியிலும் இரண்டு பேரும் ஏறி நின்றார்கள். வெங்கடாசலம் "ரெய்!" என்று உரக்கச் சொன்னான். சொல்லிவிட்டு ஆணி அடித்த மாதிரி நின்றான். காந்திமதியும் நின்றாள்.

"கும்பிடு தாயி, புருஷந்தானே!" என்று ஒரு குரல். விசில் பறந்தது. வெங்கடாசலத்தின் கண் முன்வரிசைக்கு ஒருதரம் போய் வந்தது. "காந்தி, குனி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். அவள் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வளையும் என்று அவள் நம்பினாள், கடைசிவரை நம்பினாள். வளையவில்லை.

"வணக்கம் இல்லாம பிடி கெடையாதுங்க. நீங்க சொன்னதுதான்" என்றாள். மேடையை விட்டு இறங்கி, நடுவழியாக, அந்த முரட்டுச் சட்டையோடு, யாரையும் பார்க்காமல் நடந்து போய்விட்டாள். செயலாளர் பின்னாலிருந்து ஏதாவது செய் என்று தள்ள, வெங்கடாசலம் தனியாக நாலு தரம் விழுந்து எழுந்து காட்டினான். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

வீட்டுக்கு வந்து சீனுவாசன் குதித்தான். "அவள ரெண்டு சாத்து சாத்துடா, எல்லாம் சரியாப்பூடும்!"

"சாத்தட்டும் மாமா" என்றாள் காந்திமதி, அடுப்பை ஊதிக்கொண்டே. "ஆனா குனிஞ்சிட்டு வந்து சாத்தச் சொல்லுங்க."

வெங்கடாசலம் கை ஓங்கவில்லை. அறை என்றால் என்ன என்று அவன் காதுக்குத் தெரியும். மூலையில் உட்கார்ந்துவிட்டான். தம்பியைத் திருத்தாமல் போவதில்லை என்று சீனுவாசனும் அங்கேயே தங்கிவிட்டான். லூர்துமேரிதான் நடுவில் வந்தாள். "ஏங் காந்தி, ஒரு நாளு வுட்டுக் குடுத்தா இன்னா? இன்னா பேஜாரு இது!" என்றாள்.

"அந்தப் போலீஸ்காரனுங்க இவருக்குக் குனியாமப் போனானுங்களே, அன்னிக்கி இவரு வுட்டுக் குடுத்தாரா லூர்து? அவனுங்களும் இவரும் இப்ப ஒண்ணாப் பூட்டாங்க. அதாண்டி என்னால தாங்க முடியல" என்றாள் காந்திமதி. அன்றைக்கு அவள் அழுதாள். அவன் பார்க்காத நேரமாகப் பார்த்து அழுதாள்.

அந்த வார வெள்ளிக்கிழமை காலை. லைனுக்குப் பொதுவாக ஒரே குழாய். தண்ணீர் விடுகிற நேரம் என்றால் ஊரே அங்கேதான். குடத்தோடு பெண்கள், கரித்தூளால் பல் விளக்கிக்கொண்டு ஆண்கள், அவர்களோடு சீனுவாசன். காந்திமதி குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே வெங்கடாசலம். குளித்து, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு, எல்லார் கண்ணும் பார்க்க, இடுப்பு வரை குனிந்தான்.

சீனுவாசன் வாயிலிருந்த கரித்தண்ணீரைத் துப்ப மறந்து நின்றான்.

காந்திமதி குனியவில்லை.

"இது இன்னாங்க?"

"தப்புப் பண்ணிட்டேன் புள்ள."

"குழாயடியில குனியறது மன்னிப்பு. நான் மன்னிப்பா கேட்டேன்? தப்புப் பண்ணவனும் குனிவான், கஞ்சி கேக்கறவனும் குனிவான். எனக்கு அது வோணாம். எனக்குக் குனிஞ்சிட்டு, என்ன முழு பலத்தோட புடிச்சுப் போடப் பாருங்க. அதான் நான் கேட்ட வணக்கம்." குடத்தை ஓரமாக நகர்த்தினாள். "போய்ப் பாயக் கொண்டாங்க. ஜல்தி. தண்ணி நின்னுடும்."

வெங்கடாசலம் போனான். தலைமேல் பாயைச் சுமந்துகொண்டு வந்து, தெரு நடுவில், குழாயடி ஈரத்துக்குச் சற்றுத் தள்ளி விரித்தான். காந்திமதி சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டாள். சட்டையை எடுத்துவர லூர்துமேரி தானாகவே ஓடினாள்.

எதிரெதிரே நின்றார்கள். "ரெய்" என்று இந்தத் தடவை அவள் சொன்னாள். இரண்டு தலையும் ஒன்றாகத் தாழ்ந்து ஒன்றாக நிமிர்ந்தன. அடுத்த நொடி அவன் பாய்ந்து காலரைப் பிடித்தான். விட்டுக்கொடுக்கவில்லை, நிஜமாகவே இழுத்தான். ஒருதரம் அவளை முட்டிபோட வைத்தான். அவள் எழுந்தாள், சுழன்றாள், மூட்டையைத் தூக்குகிற இடுப்பை அவன் வயிற்றுக்குக் கீழே கொடுத்தாள். வெங்கடாசலம் அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, தெரு அதிர, மல்லாந்து விழுந்தான். குழாயடியில் பெண்கள் "ஐயோ!" என்று கத்தினார்கள். அதில் பாதி சிரிப்பு.

அவன் எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவளுக்கு நேராக வந்து நின்று குனிந்தான். அவளும் குனிந்தாள்.

"பொட்டச்சி கையால வுழுந்துட்டு, அவளுக்கே குனியறியாடா மானங்கெட்டவனே!" சீனுவாசன் பாய்மேல் ஏறி வந்து தம்பியின் கையைப் பிடித்து இழுத்தான்.

வெங்கடாசலம் கையை உதறவில்லை. அண்ணனின் காலைப் பார்த்தான்.

"ண்ணா, செருப்பக் கழட்டிட்டுப் பாய்மேல ஏறு. இல்லன்னா தள்ளி நில்லு. எங்களுக்கு இன்னும் முடியல."

பிறந்ததிலிருந்து அண்ணனை அவன் எதிர்த்துப் பேசிய முதல் வார்த்தை அது. சீனுவாசன் தன் செருப்பைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், பின்பக்கமாகவே நடந்து பாயை விட்டு இறங்கினான்.

காந்திமதி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பாயின் கோடிக்குப் போய் நின்றாள்.

"வாங்க" என்றாள். "இன்னொரு தரம்."